22 டிகிரியில் மங்கி கேப்: சென்னையின் மார்கழியைப் படமெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டெல்லிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் சென்னையின் அதிகாலை வெப்பநிலை 21, 22 டிகிரி. அபூர்வமாக ஒருநாள் 18-ஐத் தொட்டுவிட்டால் மறுநாள் செய்தித்தாளில் அதுதான் செய்தி. இந்தக் குளிருக்கே பூங்காவில் நடக்கும் மாமா மங்கி கேப் போட்டிருப்பார். கேப் போட்டது போதாதென்று காதில் பஞ்சும் இருக்கும். பால் வாங்க வந்தவர் தலையில் துண்டு, ஆட்டோக்காரர் கழுத்தில் மஃப்ளர், பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் குழந்தைக்கு ஊட்டிக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டர்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் குளிர் கேமராவில் விழாது. பனிப்பொழிவு கிடையாது, மொட்டை மரங்கள் கிடையாது, மூச்சு விட்டால் புகையும் வராது. குளிர்காலப் புகைப்படம் பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை நமக்கு உதவாததற்குக் காரணம் இதுதான். நம் ஊரில் ஒரே வழிதான் உண்டு. குளிர் வந்ததால் எது மாறியது என்று பார்த்து, அதைப் படமெடுக்க வேண்டும். வெயில் சாய்ந்து விழுகிறது, ஆவி காற்றில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது, புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்குகிறது, ஆட்கள் போர்த்திக்கொள்கிறார்கள், நாய்கள் மணல் குவியலில் குழி பறித்துச் சுருண்டுகொள்கின்றன. கீழே வருவதெல்லாம் இவற்றைப் பிடிக்கும் வழிகள்தான். உதாரணங்களுக்குப் பெரும்பாலும் மயிலாப்பூரையும் கடற்கரையையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அம்பத்தூரிலோ புதுச்சேரியிலோ இருந்தால் இடம் மாறும், நேரம் சில நிமிடங்கள் மாறும், மற்றபடி எல்லாம் அதேதான்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

மார்கழி முதல் தேதி டிசம்பர் 16 வாக்கில் வரும். போகி ஜனவரி 13 அல்லது 14. இந்த ஒரு மாதமும் தை மாதத்தின் முதல் பாதியும்தான் நம் களம். டிசம்பர் முதல் பாதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை அதற்குள் ஓய்ந்திருக்காது. வர்தா புயல் 2016-இல் கரையைக் கடந்தது டிசம்பர் 12-ஆம் தேதி. மிக்ஜாம் வெள்ளம் 2023 டிசம்பர் முதல் வாரத்தில்.

மார்கழிக்குள்ளும் இரண்டு வகைக் காலைகள் உண்டு. மழை விட்ட மறுநாள் காற்று கழுவி விட்டதுபோல் இருக்கும். தூரத்துக் கட்டடங்கள்கூடக் கூர்மையாகத் தெரியும், சாலை ஈரத்தில் வானத்தின் நிறம் விழும். மழையில்லாமல் நான்கைந்து நாள் போனால் மூட்டம் சேரும். அப்போது தூரத்துப் பொருள்கள் ஒவ்வொன்றாக வெளிறிப்போய், தெருவே அடுக்கடுக்காகத் தெரியும். நிறமும் பிரதிபலிப்பும் வேண்டுமென்றால் முதல் வகை. ஆழம் வேண்டுமென்றால் இரண்டாவது. என் ஓட்டு இரண்டாவதுக்கு.

முந்தின இரவே மறுநாளைக் கணித்துவிடலாம். பத்து மணிக்கு மொட்டைமாடிக்குப் போங்கள். மேகமில்லாமல் நட்சத்திரம் தெரிகிறதா? கொடியில் கிடக்கும் துணி அசையாமல் தொங்குகிறதா? இரண்டும் ஆம் என்றால் அலாரம் வையுங்கள். தரை இரவெல்லாம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து பனி இறங்கும். மேகம் மூடியிருந்தால் அந்தச் சூடு வெளியேறாது. பனியும் இருக்காது, காலையும் சப்பென்று விடியும். அன்று தூங்குவதே உத்தமம்.

இரண்டாம் படி: சூரியன் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கேமராவைவிட இதுதான் முக்கியம்.

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும், முகத்தில் கண்குழி மட்டும் கருப்பாகத் தெரியும். டிசம்பர் 21 வாக்கில் நிலைமை வேறு. அன்று நண்பகலில்கூடச் சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்துக்குமேல் ஏறாது. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரின் நிழல் நடுப்பகலிலும் நான்கடி நீளத்துக்கு வடக்கே விழுந்து கிடக்கும். காலை எட்டு மணிக்குப் பார்த்தால் நிழல் ஆளைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீளம். கோடையில் காலை ஏழரைக்கே படமெடுப்பதை நிறுத்திவிடுகிற நாம், மார்கழியில் ஒன்பதரை வரை தாராளமாக எடுக்கலாம்.

சூரிய உதயம் டிசம்பர் நடுவில் 6.20 சுமாருக்கு, ஜனவரி நடுவில் 6.35 சுமாருக்கு. டிசம்பர் 21-தான் மிகக் குறுகிய பகல் என்றாலும் உதயம் அதற்குப் பிறகும் ஒரு மாதம் வரை பின்னால் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அதனால் பொங்கல் நேரத்தில் இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் கூடுதலாகத் தூங்கலாம். மாலையில் சூரியன் 5.45-இலிருந்து 6 மணிக்குள் மறையும்.

வெப்ப மண்டலத்தில் சூரியன் செங்குத்தாக ஏறும் என்பதை மறக்காதீர்கள். உதித்த பிறகு 6 டிகிரி உயரத்தைத் தாண்ட அதற்குச் சுமார் அரைமணி நேரம்தான் ஆகும். அதுவரைதான் பொன்னொளி. வெளிநாட்டுப் புத்தகங்களில் அது ஒரு மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள். நமக்கு அது அரைமணிதான். உதயத்துக்கு முந்தைய நீல ஒளியும் அப்படித்தான், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். போய்ச் சேர்ந்தபின் இடம் தேடினால் எதுவும் கிடைக்காது. முந்தின நாளே இடத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது திசை. மார்கழியில் சூரியன் நேர்க்கிழக்கில் உதிப்பதில்லை. சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி, தென்கிழக்குப் பக்கமாக உதிக்கிறது. தெருக்களுக்கு இதனால் வரும் கணக்கு எளிது. கிழக்கு மேற்காக ஓடும் தெருவில், உதாரணமாக மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில், காலை வெயில் தெருவின் வடபக்க வீடுகளில் விழும். தென்பக்கம் நிழலில் இருக்கும். வடக்கு தெற்காக ஓடும் தெருவில் மேற்குப் பக்க வீடுகள் ஒளிபெறும். வெயில் வேண்டுமா, நிழலில் நின்று வெயிலைப் பார்க்க வேண்டுமா என்பதை இதை வைத்து முடிவு செய்யலாம். இரண்டாவதுதான் பெரும்பாலும் நல்ல படம் தரும்: நிழல் பக்கம் நின்றுகொண்டு, வெயில் துண்டுக்குள் நடந்து வருகிறவருக்குக் காத்திருப்பது.

மூன்றாம் படி: கருவி

கைபேசி போதும். கேமரா இருந்தால் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்று. ஜூம் லென்ஸ் வேண்டாம் என்று நான் சொல்வது கோட்பாட்டினால் அல்ல. அந்த நேரத்தில் தெருவில் பெரிய லென்ஸோடு நிற்பவரைப் பார்த்தால் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவரைத்தான் பார்ப்பார்கள்.

செய்ய வேண்டிய சில அமைப்புகள்:

ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலையை) ஆட்டோவில் விடாதீர்கள். விடிவதற்கு முந்தைய நீலத்தையும் உதயத்தின் மஞ்சளையும் "சரிசெய்து" சாம்பலாக்குவதுதான் ஆட்டோவின் வேலை. கைபேசியில் புரோ மோடுக்குப் போய் 5200 அல்லது 5500 கெல்வினில் நிறுத்துங்கள். நீலம் நீலமாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் வரும். மார்கழிப் படங்களில் பாதி அழகு இந்த ஒரு மாற்றத்திலேயே வந்துவிடும்.

திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (படத்தில் விழும் ஒளியின் அளவையும்) பூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டக்கோடுகளை ஆன் செய்துகொள்ளுங்கள்.

தெருவிளக்குகள் பெரும்பாலும் இப்போது வெள்ளை எல்.இ.டி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஷட்டர் வேகத்தை (ஒளி உள்ளே வரும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

ஏ.சி. அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் பனி படியும். குளிர்காலத்திலும் சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். இரவே கேமராவை ஹாலில் வைத்துவிடுங்கள். கைபேசி லென்ஸை ஒரு மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். விரல் எண்ணெய் படிந்திருந்தால் ஒவ்வொரு தெருவிளக்கும் வால்நட்சத்திரமாகத் தெரியும்.

நான்காம் படி: 5.15 முதல் 6.15 வரை, வாசல்கள்

இந்த ஒரு மணி நேரம் கோலத்துக்கு. மார்கழியில் வாசல் தெளிப்பதும் கோலம் போடுவதும் விடிவதற்கு முன்பே நடந்துவிடும். ஏழு மணிக்கு மேல் பைக்கும் பால்வண்டியும் மேலே ஏறிப் பாதிக் கோலத்தைக் கொண்டுபோய்விடும். கோயில் ஒலிபெருக்கியில் பாசுரம் ஆரம்பிக்கும்போது நீங்கள் தெருமுனையில் இருக்க வேண்டும்.

முதலில் பேசுங்கள், அப்புறம் கேமராவை எடுங்கள். இருட்டில், வீட்டு உடையில், குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும் பெண்ணை முன்பின் தெரியாத ஒருவர் படமெடுப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். "அக்கா, கோலம் ரொம்ப நல்லா இருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றால் பெரும்பாலும், "இருப்பா, செம்மண் இட்டுடறேன், அப்புறம் எடு" என்றுதான் பதில் வரும். "என்னை எடுக்காதே, கோலத்தை எடுத்துக்கோ" என்றும் வரும். அதை அப்படியே மதியுங்கள். கைகளை மட்டும் எடுக்கலாமா என்று இன்னொரு முறை கேட்பதில் தப்பில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மாவு இறங்குகிற அந்த இடம், முகத்தைவிடப் பல நேரம் நல்ல படம்.

ஒளி விஷயம். ஈரத் தரை கருப்பு, கோலம் வெள்ளை. கேமரா கருப்பைப் பார்த்து, இடம் இருட்டாக இருக்கிறது என்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடும். கோலக் கோடு வெளுத்துத் தடித்துப்போகும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). தரை கருப்பாகவே இருக்கட்டும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஈரத் தரையில் ஒரு வெள்ளைத் திட்டாகத் திரும்பி அடிக்கும்.

எங்கிருந்து எடுப்பது? எல்லோரும் மேலிருந்து நேராக எடுப்பார்கள். புள்ளிக் கோலத்துக்கும் சிக்குக் கோலத்துக்கும் அது சரிதான், அவற்றின் வடிவக் கணக்கு அப்போதுதான் தெரியும். கைபேசியைக் கீழ்நோக்கிச் சமமாகப் பிடித்தால் பல மாடல்களில் திரையில் இரண்டு கூட்டல் குறிகள் வரும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சேரும்போது கோலம் சாயாமல் விழும். வீட்டுப் படியில் ஏறி நிற்க அனுமதி கேளுங்கள். உங்கள் நிழல் கோலத்தில் விழாத பக்கமாக நில்லுங்கள்.

ஆனால் குளிர்காலத்தைக் காட்டும் படம் வேறு இடத்தில் இருக்கிறது. முழங்காலிட்டு உட்கார்ந்து, கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். முன்னால் சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூ, அதற்குப் பின்னால் கோலம் நீண்டு ஓடி மறைவது, இன்னும் பின்னால் வாசல் விளக்கின் மஞ்சள், மேலே வானத்தின் நீலம். வீட்டு விளக்கின் மஞ்சளும் வானத்தின் நீலமும் சம வலுவில் நிற்பது ஏறத்தாழ ஆறு மணியை ஒட்டிய பத்து நிமிடம்தான். அதற்கு முன்னால் வானம் கருப்பு, அதற்குப் பின்னால் விளக்கு தோற்றுவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரே ஒரு கோலத்தை முன்பே தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே இருங்கள். தெருவெல்லாம் ஓடினால் எல்லாம் அரைகுறையாகும்.

உதயத்துக்குப் பிறகு வடபக்க வீடுகளின் கோலங்களுக்குத் திரும்பி வாருங்கள். சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழும்போது மாவுக் கோட்டுக்கு ஒரு மெல்லிய நிழல் வரும். தட்டையாகத் தெரிந்த கோலம் அப்போது மேடு பள்ளத்தோடு எழும். கோலத்துக்கு நடுவில் தெருநாய் வந்து படுத்திருந்தால் அதை எழுப்பாதீர்கள், எடுங்கள்.

ஜனவரித் தொடக்கத்தில் மயிலாப்பூர் திருவிழா நடக்கும்போது வடக்கு மாட வீதியில் கோலப்போட்டி உண்டு. நல்ல கூட்டம், நல்ல கோலங்கள். அது மாலை நேரத்துத் திருவிழாப் படம். குளிரைத் தேடி அங்கே போக வேண்டாம்.

ஐந்தாம் படி: ஆவியைப் பிடியுங்கள்

நம் ஊர்க் குளிரைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் டீக்கடை. மே மாதத்திலும் பாய்லரிலிருந்து ஆவி வரத்தான் செய்யும், ஆனால் வந்த வேகத்தில் கரைந்துவிடும். ஈரமான, குளிர்ந்த காலைக் காற்றில் நீர்த்துளிகள் ஆவியாகி மறையக் கொஞ்சம் நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரம்தான் உங்களுக்குத் தேவை.

ஆவி தெரிய இரண்டு நிபந்தனைகள்: ஒளி அதன் பின்னாலிருந்து வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். நுண்ணிய நீர்த்துளிகள் தம்மீது விழும் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். அதனால்தான் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தால் ஆவி இருந்த சுவடே இருக்காது. கடைக்கு மேற்கே போய், சூரியனைப் பார்த்து நில்லுங்கள். எதிரே இருக்கும் கட்டடங்களின் உங்களை நோக்கிய பக்கம் தானாகவே நிழலில் இருக்கும், இருட்டான பின்னணி கிடைத்துவிடும். சூரியன் நேரே லென்ஸுக்குள் அடித்தால் கடையின் தார்ப்பாய்க்கோ தூணுக்கோ பின்னால் அதை ஒளித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள்.

ஷட்டர் வேகம் உங்கள் ரசனை. 1/500-இல் ஆவியின் சுருள்கள் ஒவ்வொன்றும் தனியாக உறைந்து நிற்கும். 1/60-இல் அது மெல்லிய திரையாகும். மாஸ்டர் ஆற்றும்போது டீயின் வீழ்ச்சியை எடுப்பதானால் எனக்கு 1/125 பிடிக்கும். டீ நாடாவாகவே இருக்கும், கையில் மட்டும் லேசாக அசைவு தெரியும். அவர் எந்தக் கையை உயர்த்துகிறார், எந்தக் கணத்தில் உச்சிக்குப் போகிறார் என்று இரண்டு டீ பார்த்துவிட்டு எடுங்கள். முதலில் ஒரு டீ வாங்கிக் குடியுங்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காலைக் கூட்டத்தில் அவர் வேலைக்குக் குறுக்கே நிற்காமல் இருந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க விடுவார்கள்.

டீ மட்டுமில்லை. தள்ளுவண்டியில் இட்லிக் கொப்பரையைத் திறக்கும் கணம் இதைவிடப் பெரிய ஆவி. துணிபோட்ட தட்டு வெளியே வரும்போது அந்த அக்கா முகத்தைப் பின்னுக்கு இழுப்பார். அந்த இழுப்பைத்தான் எடுக்க வேண்டும். பூங்கா வாசலில் அருகம்புல் சாறு விற்பவர்களிடம் ஆவி கிடைக்காது, ஆனால் அவர்களைச் சுற்றித்தான் மங்கி கேப் கூட்டம் இருக்கும்.

ஆறாம் படி: போர்த்தியவர்கள்

மங்கி கேப்பைக் கிண்டலாக எடுப்பது சுலபம். அந்தப் படம் இரண்டு நொடி சிரிப்போடு முடிந்துவிடும். அதே மாமா, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் கண்ணாடி டம்ளரைப் பிடித்துச் சூடேற்றிக்கொள்வதை எடுத்துப் பாருங்கள். குளிர் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்: தூக்கிய தோள், அக்குளில் சொருகிய கை, சைக்கிள் ஹேண்டிலைப் பிடிக்காமல் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்ட விரல்கள். கோயம்பேட்டில் விடியுமுன் பூ இறக்குகிறவர்கள் கோணிப்பையையே போர்வையாகப் போட்டிருப்பார்கள். அங்கே சாமந்திக் குவியலின் மஞ்சளும் சாக்கின் பழுப்பும் விளக்கொளியில் நன்றாகச் சேரும். மல்லிகை வரத்து பனியில் குறைந்து விலை ஏறியிருக்கும் காலம் என்பதால் வியாபாரிகள் மும்முரத்தில் இருப்பார்கள். பாதையை மறிக்காதீர்கள்.

நடைபாதையில் உறங்குகிறவர்களை எடுக்காதீர்கள். போர்வைக்குள் சுருண்ட உருவம் பார்வைக்கு வலுவான படமாகத் தோன்றும். ஆனால் அவர்களிடம் அனுமதி கேட்க முடியாது, 22 டிகிரி அவர்களுக்கு வேறு மாதிரியான குளிர். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

சபாக்கள் பக்கம் போவதானால் மாலையில் வாசலில் நில்லுங்கள். கச்சேரியின்போது உள்ளே படமெடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை. பட்டுப்புடவைக்கு மேல் சால்வை போர்த்திய மாமிகள் கேன்டீன் வரிசையில் கிடைப்பார்கள். அந்தச் சால்வை மார்கழிக் குளிருக்காக இல்லை, அரங்கத்து ஏ.சி.க்காக என்பது வேறு விஷயம்.

ஏழாம் படி: கோபுரம், குளம், கடல்

கபாலீசுவரர் கோயிலின் பெரிய கோபுரம் கிழக்கே, குளம் மேற்கே. ஆகவே ஒரே இடத்தில் நின்று இரண்டு படங்கள். குளத்தின் மேற்குக் கரையில், அதாவது ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் நில்லுங்கள். காலையில் கோபுரம் ஒளிக்கெதிராகக் கருநிழலாக நிற்கும். மார்கழியில் சூரியன் அதற்கு வலப்புறம், தெற்கே தள்ளி எழும். மூட்டமிருந்தால் மேற்குக் கோபுரம் ஒரு அடர்த்தியிலும் பின்னாலுள்ள 37 மீட்டர் கிழக்குக் கோபுரம் அதைவிட வெளிறியும் தெரியும். மாலை ஐந்து மணிக்கு அதே இடத்துக்கு வந்தால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து சுதைச் சிற்பங்களின் வண்ணமெல்லாம் எரியும். மழை ஏமாற்றாத ஆண்டில் குளம் நிறைந்திருக்கும், பிரதிபலிப்பும் கிடைக்கும். கோயிலுக்குள் கைபேசியை மறந்துவிடுங்கள். தமிழகக் கோயில்களில் அதைத் தடைசெய்யச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. மாட வீதிகளில் காலை பஜனை கோஷ்டி வந்தால் பின்தொடரலாம். பாபநாசம் சிவன் நடத்தியதிலிருந்து தொடரும் வழக்கம் அது. முன்னால் ஓடிப்போய்ப் பின்னோக்கி நடந்துகொண்டே எடுப்பவர்கள் வழியில் நிற்கும் ஸ்கூட்டரைக் கவனிக்கவும்.

பெசன்ட் நகரில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930-இல் கடலில் இறந்த டேனிஷ் மாலுமிக்காகக் கட்டியது. அதன் வளைவுக்குள் உதயத்தை வைக்க நினைப்பவர்கள் ஜூனில் நின்ற இடத்திலேயே டிசம்பரிலும் நின்றால் சூரியன் வெளியே போய்விடும். வடமேற்குப் பக்கம் நகர்ந்து நில்லுங்கள். கடற்காற்றில் உப்புத்துளி லென்ஸில் படியும் என்பதால் துணி கையிலேயே இருக்கட்டும். மெரினாவில் உதயத்தை விட்டுவிட்டு, உதயத்தைப் பார்க்க வந்து சால்வையோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பின்னாலிருந்து எடுப்பது எனக்குப் பிடித்த வேலை.

ஜனவரியிலிருந்து இந்தக் கரைகளில் பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிட வரும். பார்க்க நேர்ந்தால் ஃபிளாஷும் டார்ச்சும் கூடாது. வெளிச்சம் ஆமையைத் திசைமாற்றிவிடும். கேமராவைப் பையிலேயே வையுங்கள்.

பறவைப் பிரியர்களுக்குப் பள்ளிக்கரணை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம். வலசை வாத்துகளும் பூநாரைகளும் வரும் பருவம் இது. நீளமான லென்ஸ் இல்லையென்றால் பறவையைப் பெரிதாக்க முயலாமல், மூட்டத்தில் பின்னாலுள்ள அடுக்குமாடிகளையும் சேர்த்து எடுங்கள். சென்னை என்று அதுதான் சொல்லும்.

எட்டாம் படி: பகலில் மரங்களும் தரையும்

சென்னையில் இலையுதிர்காலம் இல்லை என்பார்கள். வாதாமரத்தைப் பார்க்காதவர்கள் அவர்கள். ஜனவரி, பிப்ரவரியில் அதன் பெரிய இலைகள் செம்பு நிறமாகி, ரத்தச் சிவப்பாகி விழும். பழைய காலனி வீடுகளின் காம்பவுண்டு ஓரமெல்லாம் இந்த மரம் உண்டு. மரத்துக்கு அடியில் நின்று வெயிலை நோக்கி அண்ணாந்து எடுத்தால் இலை நரம்புகள் ஒளிரும். அல்லது பெருக்கி ஓரமாகக் குவித்த இலைக் குவியலை, பெருக்கியவரின் துடைப்பத்தோடு. மரமல்லி அதற்கு முன்பே, நவம்பர் டிசம்பரில் பூத்துக் கொட்டும். நீண்ட காம்போடு வெள்ளைப் பூக்கள் நடைபாதையில் கிடப்பதைக் காலை ஏழுக்குள் எடுக்க வேண்டும், அப்புறம் மிதிபட்டுவிடும். காரின் முன்மூடியில் படிந்த பனித்துளிகளும் அந்த நேரம் வரைதான்.

ஒன்பதாம் படி: போகி

போகிக் காலை அழகானதா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. குளிர்ந்த காற்று தரையோடு தங்கி, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் உட்கார்ந்திருப்பதால் எரித்த புகை மேலே போக வழியில்லாமல் தெருவை நிறைக்கும். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து விமானங்களையே நிறுத்திவிட்டன. டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. படமாகப் பார்த்தால், பறை அடிக்கும் பிள்ளைகள், தீயின் ஆரஞ்சு, தெருவிளக்கைச் சுற்றிய புகை வட்டம் எல்லாம் கேமராவுக்கு விருந்து. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், ஆஸ்துமா இருந்தால் வீட்டிலேயே இருங்கள். படத்தை வெளியிடும்போது "பனிமூட்டம்" என்று எழுதாதீர்கள். அது புகை.

மூச்சு விடச் சுலபமான மாற்று உண்டு. போகிக்கு முந்தின நாள்கள் கோயம்பேட்டுப் பொங்கல் சிறப்புச் சந்தை. லாரியிலிருந்து கரும்புக்கட்டு இறங்குவதும் மஞ்சள் கொத்துகளில் ஒட்டிய ஈரமண்ணும்.

கடைசி: திருத்தமும் தேர்வும்

கைபேசியில் ஸ்நாப்ஸீட் போதும், கணினி இருந்தால் லைட்ரூம். மூட்டத்தை நீக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். அதிகாலையில் எழுந்துபோனதே அதற்காகத்தான். வேண்டுமானால் கருப்பை மட்டும் கொஞ்சம் ஆழமாக்குங்கள், ஆவி தானாக எழும். குளிர் தெரிய வேண்டும் என்று படம் முழுக்க நீலம் பூசுகிறவர்கள் உண்டு. தோலும் நீலமாகி, ஆள் நோயாளிபோல் ஆவார். நீலம் நிழல்களில் மட்டும் இருந்தால் போதும், வெயில் பட்ட இடம் மஞ்சளாகவே இருக்கட்டும். மார்கழிக் காலையில் நிஜமாகவே அப்படித்தான் இருக்கும்.

பொங்கல் விடுமுறையில் எல்லாப் படங்களையும் ஒன்றாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இதை மே மாதத்தில் எடுத்திருக்க முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்குங்கள். பன்னிரண்டு படம் மிஞ்சினால் அது நல்ல மார்கழி. அவற்றில் டீ மாஸ்டரும் கோலம் போட்ட அக்காவும் இருந்தால் நாலுக்கு ஆறு அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது வேறு, இது வேறு. அடுத்த மார்கழியில் அந்தத் தெருவில் நீங்கள் அனுமதி கேட்க வேண்டியிருக்காது, "எங்கே இத்தனை நாளா காணோம்?" என்று அவர்களே கேட்பார்கள்.